புல்லட் யாருடைய வண்டி?

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிச் சரிசெய்து ஓட்ட வேண்டும் என்கிற ஆசை இன்று கல்லூரி மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. நம் தோழர்களும் புல்லட்டா, யெஸ்டியா, ஆர்எக்ஸ் 100-ஆ என்று விசாரிக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் வண்டியின் விலையைத் தெரிந்துகொள்வதுபோல அதன் வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நாட்டில் யார் எதில் ஏறிப் போகலாம் என்பதைப் பணம் மட்டும் தீர்மானித்ததில்லை. சாதியும் தீர்மானித்திருக்கிறது.

1929-இல் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்கிய அண்ணல் அம்பேத்கருக்குக் குதிரை வண்டி ஓட்ட எந்த வண்டிக்காரரும் முன்வரவில்லை. அப்போது அவர் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் பெற்றவர். வண்டியை வாடகைக்குக் கொடுப்பார்களாம், ஆனால் தீண்டத்தகாதவரை உட்காரவைத்து ஓட்டுவது கௌரவக் குறைவாம். கடைசியில் ஓட்டிப் பழக்கமில்லாத மகர் ஒருவர் ஓட்டினார். வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கரின் கால் முறிந்தது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அங்கிருந்து 1955-க்கு வருவோம். இந்திய ராணுவத்துக்காக இங்கிலாந்திலிருந்து 350 சிசி புல்லட்டுகள் வாங்கப்பட்டதைத் தொடர்ந்து, அந்த ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. அதே 1955-இல்தான் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் வந்தது. பொதுப் போக்குவரத்து வண்டிகளில் ஏறவிடாமல் தடுப்பதை அந்தச் சட்டம் குற்றமாக்கியது. பேருந்தில் உட்காரும் உரிமைக்கே தனிச் சட்டம் தேவைப்பட்ட காலம் அது. சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருப்பது பற்றி அன்று யாரும் பேசவில்லை.

அந்தக் காலத்துப் புல்லட்டில் யார் போனார்கள்? ராணுவம், போலீஸ், பண்ணையார், மில் முதலாளி. ஊருக்குள் அந்தச் சத்தம் கேட்டால் சேரியில் இருப்பவர்கள் எழுந்து நின்றார்கள். இன்று விற்பனை விளம்பரங்களில் ‘ஒரே குடும்பத்தில் இருந்த 1965 மாடல்’ என்று பெருமையாகப் போடுகிறார்கள். 1965-இல் எந்தக் குடும்பத்திடம் அந்த வண்டி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தாத்தாவின் வண்டி என்று சொல்லிக்கொள்ள நம்மில் பெரும்பாலோருக்கு வண்டி இல்லை. நாம் வாங்குவதுதான் நம் குடும்பத்தின் முதல் வண்டி.

சரி, எதை வாங்குவது?

2010 வாக்கில் நின்றுபோன பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் நின்று நிதானமாக ஓடும். பழைய மாடல்களில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர்கள் காலி மைதானத்தில் பழகிவிட்டுத்தான் ரோட்டுக்கு வர வேண்டும். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்பிரஷன் லிவரைப் பிடித்து, பிறகுதான் கிக் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். ஸ்பேர் கிடைக்கும், மெக்கானிக்கும் கிடைப்பார். ஆயில் ஒழுகும்.

மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் ஜாவாவையும், 1973 முதல் யெஸ்டியையும் தயாரித்தது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. 250 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். கியர் லிவரே கிக்கராகவும் வேலை செய்யும். வால்வு இல்லாததால் இன்ஜினைப் பிரித்துப் படிக்க எளிது. இன்று அதே பெயர்களில் வரும் புதிய வண்டிகள் வேறு இன்ஜின் கொண்டவை. அவற்றின் ஸ்பேர் இதற்கு ஆகாது.

1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி, எடை குறைவு. கையால் வேலை கற்றுக்கொள்ள இதுவும் நல்ல வண்டி. ஆனால் மோகத்தால் விலை ஏறிக் கிடக்கிறது. நம்பர் மாற்றிக் குத்திய வண்டியும் சந்தையில் உண்டு.

என் கருத்து இதுதான்: எந்த வண்டிக்கு உங்கள் ஊரில் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரோ, எதன் ஆர்சி சுத்தமாக இருக்கிறதோ, அதுவே முதல் வண்டி. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் கொடுக்கும் அன்றே படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றுங்கள். 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2021 விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாமே தவிர, அன்றாடம் ஓட்ட முடியாது. கல்லூரிக்கும் கூட்டத்துக்கும் போக வண்டி வேண்டுமென்றால் அந்தப் பதிவுக்குப் போகாதீர்கள்.

காகிதத்தை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. வண்டியை நிறுத்திச் சோதிக்கும்போது ‘இது யாருடைய வண்டி?’ என்ற கேள்வி எல்லோரிடமும் ஒரே தொனியில் கேட்கப்படுவதில்லை. உங்கள் பெயரில் இருக்கும் ஆர்சிதான் அதற்குப் பதில்.

இன்னொரு காகிதமும் தெரிந்திருக்க வேண்டும். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3(1)(இசட்ஏ) பிரிவு, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம் உண்டு. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கி அறுபது ஆண்டுகள் கழித்துத்தான் மோட்டார் சைக்கிள் என்ற சொல் இந்தச் சட்டத்துக்குள் வந்தது. தேவை இல்லாமல் ஒரு சொல் சட்டத்தில் ஏறாது தோழர்களே.

வந்த பிறகும் என்ன நடந்தது? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட்டில் போன தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. சாதியைச் சொல்லித் திட்டி, நீ புல்லட் ஓட்டலாமா என்று கேட்டு வெட்டினார்கள் என்பது புகார். மூவர் கைதானார்கள். வண்டியைப் பிடிக்கும் கையைத்தான் வெட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே வண்டி வாங்குங்கள். பிரித்துப் பாருங்கள், கையில் கிரீஸ் படியட்டும், பழைய இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். ஹெல்மெட் போட்டு, ஆர்சியும் லைசென்ஸும் வைத்து, ஊரின் நடுத்தெரு வழியாகவே ஓட்டுங்கள். யாராவது மறித்தால் தேதி, நேரம், சாட்சி எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். தெரு பொதுச் சொத்து. அதில் ஓட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஜெய்பீம்.