பயத்தைப் பாடிய ரவுடிகள்

ஆஸ்பத்திரி நடைவழி. ஸ்ட்ரெச்சரில் குள்ளமான ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். காதில் போன். ஒரு கண் சிதைந்து வீங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு நண்பர்கள் நிற்கிறார்கள். இது சினிமா ஸ்டில் இல்லை, மேக்கப்பும் இல்லை. ஹூஸ்டன் நகரத்து ராப் குழுவான கெட்டோ பாய்ஸ் 1991 ஜூலையில் வெளியிட்ட 'வீ கான்ட் பி ஸ்டாப்ட்' ஆல்பத்தின் அட்டைப்படம். எங்களை யாராலும் நிறுத்த முடியாது என்று தலைப்பு. படத்தில் இருப்பவரோ உயிர் தப்பியதே பெரிய விஷயம்.

அவர் புஷ்விக் பில். ஜமைக்காவில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்து, ஹூஸ்டனுக்கு வந்தவர். குழுவில் முதலில் நடனக்காரர், பிறகு பாடகர். அந்த வருடம் குடிபோதையில் காதலியோடு தகராறு. துப்பாக்கி வெடித்து கண் போனது. அன்று தான் சாகத் துணிந்திருந்ததாகப் பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். காயம் ஆறுவதற்குள் கண்கட்டை விலக்கி போட்டோ எடுத்தாகிவிட்டது.

ஏன் இவ்வளவு அவசரம்? அதற்கு ஊரின் கதை தெரிய வேண்டும்.

1980களில் ராப் என்றால் நியூயார்க். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ். தெற்கு மாநிலங்களை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஹூஸ்டனில் ஜேம்ஸ் பிரின்ஸ் என்ற இளைஞர் ராப்-எ-லாட் என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். அவர் வளர்ந்தது ஃபிஃப்த் வார்டு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் குடியேறிய பகுதி. பின்னால் நெடுஞ்சாலைகள் அதைக் கூறு போட்டன. 80களின் நடுவில் எண்ணெய் விலை சரிந்தபோது எண்ணெயை நம்பியிருந்த ஹூஸ்டனே ஆடிப்போனது. தெருவில் வேலை இல்லை, கிராக் போதை இருந்தது. குழுவின் வில்லி டி அங்கிருந்து வந்தவர். ஸ்கார்ஃபேஸ், நகரத்தின் தென்பகுதிக்காரர்.

1990இல் தயாரிப்பாளர் ரிக் ரூபின் இவர்களுடைய பாடல்களைத் தொகுத்து டெஃப் அமெரிக்கன் மூலம் வெளியிட முயன்றார். விநியோகிக்க வேண்டிய கெஃபன் நிறுவனம் மறுத்துவிட்டது. வேறு வழியில்தான் அந்த ஆல்பம் கடைக்கு வந்தது. அந்தப் பாடல்களைக் கேட்டால் தயக்கம் புரியாமல் இல்லை. பெண்களைச் சிதைப்பதைத் திகில் பட வேடிக்கை போலச் சொல்லும் வரிகள் அதில் உண்டு. தெருவின் நிஜம் என்று சொல்லி அதைக் கழுவிவிட முடியாது. ஆனால் ஹூஸ்டன் பையன்களின் காதில் விழுந்தது ஒன்றுதான்: நமக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். 'நிறுத்த முடியாது' என்ற வீராப்பு அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் அந்த ஆல்பம் இன்றும் உயிரோடு இருப்பது வீராப்பால் இல்லை, 'மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ' என்ற ஒரே பாட்டால். மெம்ஃபிஸின் சோல் இசைக் கலைஞர் ஐசக் ஹேய்ஸ் 1974இல் ஒரு படத்துக்குப் போட்ட கிட்டார் இசையை சாம்பிளாக எடுத்து, அதன் மேல் நிதானமாக ஓடும் பாட்டு. அதில் யாரும் யாரையும் மிரட்டுவதில்லை. தூக்கம் வராத ஒருவன். பின்னால் யாரோ வருவதாகப் பதறுகிற ஒருவன். விட்டுப்போன பெண்ணை நினைத்து நொந்துபோகிற ஒருவன். கடைசியில் புஷ்விக் பில்லின் குரலில் ஒரு ஹாலோவீன் இரவு: பூதம் போன்ற எதிரியை அடித்து நொறுக்குகிறான். தெளிந்து பார்த்தால் எதிரே யாருமில்லை. அத்தனை நேரமும் குத்தியது வெறும் தரையை. கையெல்லாம் ரத்தம்.

நான்கு பகுதிகளில் மூன்றை எழுதியவர் ஸ்கார்ஃபேஸ். பில் பாடியதும் அவர் எழுதியதே. சிறுவயதிலேயே தற்கொலைக்கு முயன்று மனநல வார்டில் இருந்தவர் அவர். தன் சுயசரிதையில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பயம் என்ற சொல்லையே அவமானமாக நினைக்கும் உலகத்தில், பயப்படுகிறேன் என்று ஒரு கேங்ஸ்டா சொன்னான். அதுவரை அந்த இடத்தில் அப்படிப் பேசியவர்கள் அபூர்வம்.

பாட்டு பில்போர்ட் பட்டியலில் 23ஆம் இடம் வரை ஏறியது. ஆல்பம் பத்து லட்சத்தைத் தாண்டி பிளாட்டினம் ஆனது. அதனால் தெற்குக்கு உடனே மரியாதை கிடைத்துவிடவில்லை. நான்கு வருடம் கழித்து நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில், அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் மேடையேறியபோதும் கூட்டம் கூச்சல்தான் போட்டது.

அந்த அட்டைப்படத்துக்காகப் பின்னாளில் பில் வருத்தப்பட்டார். 2019இல், 52 வயதில், கணையப் புற்றுநோயால் இறந்தார். அட்டையும் பாட்டும் ஒரே ஆல்பத்தில்தான் இருக்கின்றன. ஒன்றில் ஒரு மனிதனின் காயத்தைக் காட்டி விற்றார்கள். இன்னொன்றில் கண்ணுக்குத் தெரியாத காயத்தைப் பற்றி அவர்களே வாய் திறந்தார்கள். படத்தைப் பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள், அவ்வளவுதான். பாட்டைக் கேட்டவர்களில் எத்தனையோ பேர், தூக்கம் வராத ராத்திரியில், 'அட, இது நம்ம கதைதானே' என்று எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.