பள்ளி கைவிட்ட கையெழுத்து

2023 செப்டம்பரில் மகாராஷ்டிர அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்தீப் ஷிண்டே தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மராட்டா சமூகத்தினரின் முன்னோர் பழைய ஆவணங்களில் ‘குன்பி’ என்று பதிவாகியிருக்கிறார்களா எனத் தேடுவது அதன் பணி. குன்பிகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளவர்கள். ஆகவே அத்தகைய பதிவு கிடைத்தால் அந்தக் குடும்பத்துக்கு இடஒதுக்கீட்டுக்கான சாதிச் சான்றிதழ் பெற வழி பிறக்கும். பிறப்பு இறப்புப் பதிவேடுகள், நிலவரி ஏடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவை ஆவண அறைகளிலிருந்து வெளியே எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி உருதுவில் இருந்தது. மற்றொரு பகுதி மராத்தியிலேயே இருந்தும், மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டு மராத்தி வழியிலேயே படித்த ஊழியர்களால் அதை வாசிக்க இயலவில்லை. அது மோடி எழுத்தில் இருந்தது. மோடி அறிந்தவர்களைத் தேடிப்பிடித்து அமர்த்த வேண்டியதாயிற்று.

ஆங்கிலவழிப் பள்ளிகளில் நான்குகோட்டு நோட்டில் கர்சிவ் எழுதப் பழக்குவது இன்னும் தேவையா என்ற விவாதம் அவ்வப்போது எழுகிறது. அழகு, ஒழுக்கம், மூளை வளர்ச்சி, விசைப்பலகை என்ற எல்லைக்குள்ளேயே அது பெரும்பாலும் சுற்றிவருகிறது. சேர்த்தெழுதும் கையெழுத்தைப் பள்ளியிலிருந்து நீக்கினால் என்ன நிகழும் என்பதை ஊகிக்கவேண்டிய நிலையில் இந்தியா இல்லை. மேற்கு இந்தியா அதை ஏற்கெனவே செய்துபார்த்துவிட்டது.

தேவகிரி யாதவர்களின் அமைச்சர் ஹேமாத்ரி 13ஆம் நூற்றாண்டில் மோடியை உருவாக்கினார் என்பது மரபுவழிச் செய்தி. அவர் அதை இலங்கையிலிருந்து கொண்டுவந்தார் என்றும் ஒரு கதை உண்டு. அதை நம்புவதற்குச் சான்றில்லை. நாகரி வகை எழுத்தொன்று விரைந்து எழுதும் கையில் அடைந்த வடிவமே மோடி என்பதை எழுத்துகளின் அமைப்பே காட்டிக்கொடுக்கிறது. வளைத்தல், ஒடித்தல் என்று பொருள்படும் ‘மோட்ணே’ என்ற வினையிலிருந்து பெயர் வந்ததாகச் சொல்வர். (இன்றைய அரசியல் பெயரோடு இதற்குத் தொடர்பில்லை, தமிழில் எழுதும்போது இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.)

அதன் பொறிமுறை கவனிக்கத்தக்கது. நாகரியில் எழுத்தை எழுதிய பிறகே தலைக்கோடு இடுவது வழக்கம். மோடியில் தாளின் ஓரத்திலிருந்து ஓரம்வரை தலைக்கோட்டை முதலில் இழுத்துவிடுவார்கள். பிறகு ‘போரு’ எனப்படும் நாணற்பேனா அந்தக் கோட்டிலிருந்து இறங்கி, சுழன்று, மீண்டும் கோட்டுக்கே ஏறும். உயிர்க்குறியும் பெரும்பாலும் அதே இழுப்பில் சேர்ந்துவிடும். பேனாவைத் தூக்கும் தேவை மிகக் குறைவு. சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை, நிறுத்தக்குறி இல்லை. அடிக்கடி வரும் சொற்கள் முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். இகர ஈகார வேறுபாடும் உகர ஊகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. இதைக் குறைபாடு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் மராத்தியில் இந்த உயிர்களின் நெடில் குறில் வேறுபாடு பெருமளவு சொல்லில் அவை வரும் இடத்தைப் பொறுத்தே அமைகிறது. பொருளைப் பிரித்துக்காட்டும் வேலை அதற்குக் குறைவு. பேச்சில் பளு இல்லாத வேறுபாட்டைக் கணக்கர்கள் தாளிலும் சுமக்கவில்லை. வடமொழிச் சொற்களின் எழுத்துக்கூட்டலைக் காக்க விரும்பியவர்களுக்கு அது உறுத்தியிருக்கலாம். வரிக்கணக்கு எழுதியவருக்கு உறுத்தவில்லை.

சிவாஜியின் செயலர் பாலாஜி ஆவஜி சிட்னிஸ் இந்த எழுத்தைச் செப்பம் செய்ததாகக் கூறுவர். ‘சிட்னிசி’ என்றே ஒரு பாணி வழங்குகிறது. பேஷ்வாக்கள் காலத்தில் அரசின் அன்றாடம் முழுவதும் இந்த எழுத்தில் நடந்தது. தஞ்சையை ஆண்ட மராட்டிய அரசின் காகிதங்களும் இதே எழுத்தில்தான் உள்ளன. சரஸ்வதி மகால் நூலகத்தின் மோடிக் கட்டுகள் அவ்வாறு வந்தவையே. அவ்வாவணங்களில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது.

அச்சு வந்தபோது மோடி உடனே தோற்றுவிடவில்லை. வில்லியம் கேரி 1810இல் செராம்பூரில் வெளியிட்ட மராத்தி அகராதியில் மராத்திச் சொற்கள் மோடி அச்செழுத்தில் உள்ளன. ஆனால் ஒன்றோடொன்று பிணையும் வடிவங்களை ஈயத்தில் தனித்தனியே வார்ப்பது கடினம். பம்பாயில் 1831இல் வெளிவந்த மோல்ஸ்வர்த் அகராதி ‘பால்போத்’ எனப்படும் நாகரியை எடுத்துக்கொண்டது. ‘குழந்தைக்கும் விளங்குவது’ என்பது அப்பெயரின் பொருள். இதிலிருந்து ஒரு வேலைப் பிரிவினை உருவாயிற்று: அச்சில் வாசிக்கப் பால்போத், கையால் எழுத மோடி. பம்பாய் மாகாணத்துப் பள்ளிப் பிள்ளை இரண்டையும் கற்றது. இன்று ஒரு குழந்தை புத்தகத்தில் ஒரு வகை ஆங்கில எழுத்தையும் நோட்டில் வேறொரு வகையையும் கற்பதைப் போன்ற நிலைதான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிருவாகத்தில் ஒரே எழுத்து போதும் என்று மாகாண அரசு முடிவெடுத்தது. பள்ளிகளில் மோடி மேலும் சில பத்தாண்டுகள் நீடித்து, விடுதலைக்குப் பின் மறைந்தது. இந்த முடிவைப் பண்பாட்டுக் கொலை என்று வருணிப்பவர்கள் உண்டு. அது மிகை. அச்சும் தட்டச்சும் பால்போதில் இயங்கத் தொடங்கியபின், ஒவ்வொரு குழந்தையிடமும் இரண்டு எழுத்துமுறைகளைச் சுமத்துவதற்கு நியாயம் குறைவு. அவசரமாக எழுதிய மோடியை எழுதியவரே பிறகு வாசிக்கத் தடுமாறினார் என்ற கேலியில் உண்மை இல்லாமலும் இல்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. எழுதப் பழக்குவதை நிறுத்தியவர்கள், வாசிக்கப் பழக்குவதும் அதோடு நின்றுபோகும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. அப்போது அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியவும் இல்லை, ஏனெனில் வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கும் இருந்தார்கள். வி. கா. ராஜவாடே மராட்டிய வரலாற்று மூலங்களை 1898 முதல் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தபோதும், கோ. ச. சர்தேசாய் பேஷ்வா தப்தரிலிருந்து தேர்ந்த ஆவணங்களை 1930களின் தொடக்கத்தில் 45 தொகுதிகளாகக் கொண்டுவந்தபோதும், மோடி ஒரு தனித்திறன் அன்று. படித்தவர் கையில் இருந்த சாதாரண எழுத்து. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தவை அரசியல் கடிதங்களும் போர்ச் செய்திகளும். யாருடைய நிலம், யாருடைய பிள்ளை, என்ன சாதி என்று சொல்லும் ஏடுகளை வரலாற்றாசிரியர் அவசரமாகப் பதிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவை அப்படியே கட்டில் கிடந்தன. 2023இல் தேவைப்பட்டவை அவையே.

எனில் வாசிக்க மட்டும் கற்பித்தால் போதாதா? பாதி போதும். ஆவணக் காப்பகத் துறை நடத்தும் மோடிப் பயிற்சிகளில் எழுத்துகளை அடையாளம் காண்பதை ஓர் ஆர்வலர் விரைவிலேயே கற்றுவிடலாம். ஆனால் பயிற்சிப் புத்தகத்தின் நிதானமான மோடிக்கும், மாலைக்குள் கணக்கை முடிக்க விரைந்த ஒரு குல்கர்ணியின் மோடிக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அந்த விரைந்த கையை வாசிப்பவர் வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை. பேனா எங்கே தொடங்கியிருக்கும், எந்தச் சுழியைத் தவிர்த்திருக்கும் என்று இழுப்பைப் பின்தொடர்கிறார். அதற்குத் தன் கை ஓரளவேனும் அந்தப் பாதையில் நடந்திருக்க வேண்டும். 2014இல் யூனிகோட் 7.0 மோடிக்கு இடம் தந்தது. தனியெழுத்துகளுக்கு எண் கிடைத்தது. அவசரத்தில் உருக்குலைந்த எழுத்துகளுக்கு எந்தக் குறியேற்றமும் உதவாது. ஆகவே அழகுக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் ஆண்டுக்கணக்கில் எழுதப் பழக்குவது வீண் என்றாலும், வாசிப்பதற்காகச் சில வாரங்கள் எழுதிப்பார்ப்பது வீணல்ல. கர்சிவ் விவாதத்தில் இந்த இரண்டும் ஒன்றாகவே குழப்பப்படுகின்றன.

இது மோடிக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. பீகாரின் காயஸ்த எழுத்தர்களால் பெயர்பெற்ற கைதி எழுத்தும் ஒருகாலத்தில் நீதிமன்றங்களிலும் தொடக்கப்பள்ளிகளிலும் இருந்தது. பின்னர் நாகரிக்கு வழிவிட்டு மறைந்தது. அந்த எழுத்தில் அமைந்த பத்திரங்களை ஆங்கிலேய அதிகாரிகள் வாசிக்க உதவும் பொருட்டு ஜார்ஜ் கிரியர்சன் 1881இல் ஒரு கையேடு வெளியிட்டார். 2024இல் பீகாரில் நில அளவைப் பணி விரிவடைந்தபோது, பாட்டனார் பெயரில் உள்ள பத்திரத்தைக் கையில் வைத்திருந்த உரிமையாளர்கள் அதை வாசித்துச் சொல்ல ஆளைத் தேடி அலைந்தார்கள். அதே எழுத்தை வாசிக்க மாநில அரசு இம்முறை தன் சொந்த ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது.