இசைத்தட்டும் ஒலிநாடாவும்: இரு பக்கங்கள்



1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடல்கள் பதிவானபோது, இந்தியாவில் இசைத்தட்டுக் காலம் தொடங்கியது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே அடங்கின. அது பாட்டுக்குப் போதும், பயானுக்குப் போதாது. மேலும், நிறுவனத்தாரின் ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் சென்றவர் குரல் மட்டுமே தட்டில் ஏறியது.

தமிழ் முஸ்லிம்களிடையே அக்கூடத்தின் வழியே இல்லந்தோறும் சென்ற குரல் நாகூர் இ.எம். ஹனிபா அவர்களுடையது. காயல் ஷேக் முஹம்மது போன்றோரின் பாடல்களும் புகழ்பெற்றன. மேலப்பாளையம், பேட்டை, காயல்பட்டினம் எனத் தாமிரபரணிக் கரையூர்களின் கல்யாண வீடுகளில் இப்பாடல்கள் ஒலிபெருக்கியில் முழங்கின.

உலமாக்களிடம் கேள்விகளும் எழுந்தன. இசைக்கருவிகளைக் கண்டிக்கும் புகாரி ஹதீஸை முன்வைத்துப் பெரும்பாலோர் தடுத்தனர். தஃப் மட்டும் விதிவிலக்கு என்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் பாட்டின் பொருளையும் கேட்பவர் உள்ளத்தையும் பிரித்து ஆராய்ந்ததைச் சிலர் எடுத்துக்காட்டினர். பதிவிலிருந்து ஸஜ்தா வசனம் கேட்டால் ஸஜ்தா கடமையா என்ற வினாவிற்கு, எதிரொலி குறித்த பழைய ஹனஃபி சட்டமே பலருக்கு அடிப்படையாயிற்று: எதிரொலியைக் கேட்டால் ஸஜ்தா கடமையில்லை.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டதும் நிலை மாறியது. அறுபது நிமிட நாடாவில் பக்கத்திற்கு அரை மணி நேரம் கிடைத்தது. வீட்டிலிருந்தே பதியவும் முடிந்தது. எகிப்தின் காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ 1960களின் தொடக்கத்தில் முழுமையாகப் பதிவுசெய்த திருக்குர்ஆன் ஓதல், பின்னர் கேசட்டாகத் தஜ்வீத் மாணவர்களுக்கு ஆசானாயிற்று. ஜும்ஆ பயான்கள் ஊர்விட்டு ஊர் சென்றன. வளைகுடாவிற்குப் பிழைக்கச் சென்றோர் கடிதத்திற்குப் பதிலாகத் தம் குரலையே அனுப்பினர். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் மகனுக்குத் தானே பதில் சொல்ல முடிந்தது.

மறுபக்கமும் உண்டு. நல்லுரை பரவிய அதே நாடாவில் வசைமொழியும் பரவியது. மஸ்அலா வேறுபாடுகள் உறவினரிடையே பிணக்காக வளர்ந்தன. கருவி நடுநிலையானது, பதிந்தவர் நாவும் கேட்டவர் செவியுமே கணக்குக் கொடுக்க வேண்டியவை.

இன்று அந்நாடாக்கள் பரண்களில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, ஆற்றோரத்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளம் எதையும் தேர்ந்தெடுத்து விட்டுவைப்பதில்லை.

ஆகவே, மறைந்த பெற்றோரின் குரலோ, ஊர் ஆலிமின் பயானோ உங்களிடம் இருந்தால் தாமதியாதீர்கள். பூஞ்சை படிந்த நாடாவை அப்படியே ஓடவிட வேண்டாம். அறிந்தவரிடம் கொடுத்துத் துடைத்து, கணினியில் ஏற்றி, பேசியவர் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். கணவன் மனைவிக்கு அனுப்பிய குரல் அமானிதம். அதைக் குழுக்களில் பகிராதீர்கள். பயானைப் பகிருங்கள், பயன்தரும் கல்வி, மறைந்தவருக்கும் நன்மை சேர்க்கும், இன்ஷா அல்லாஹ்.