காணியுறுதியும் சத்தியக் கடதாசியும்: ஓர் அமெரிக்கக் கமக்காரனின் குடிவழி

ஐக்கிய அமெரிக்காவிலே தம் முன்னோரைத் தேடப் புறப்பட்டோர் ஒருகாலத்திற் பெரும்பாலும் பெருமையைத் தேடியவராகவே இருந்தனர். 1890ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' என்னும் சங்கம், சுதந்திரப் போருக்குத் துணைநின்ற ஒருவரின் நேர்வழித் தோன்றல் எனத் தன்னை ஆவணங்கொண்டு நிறுவும் பெண்ணையே அங்கத்தவராக ஏற்றுவந்துள்ளது. மன்னர் அவையிலே குலமுறை கிளத்துவது போன்ற காரியம் இது. ஆயின், சாதாரண படைவீரனொருவனின் குலமுறையைக் கிளத்த முற்படுவோர் பெரிதும் நம்பியிருக்கும் ஆவணத் தொகுதி எது என நோக்குமிடத்து ஒரு முரண்பாடு புலப்படுகின்றது. அத்தொகுதி அப்போர்வீரரின் ஓய்வூதிய விண்ணப்பங்களாகும். அவற்றின் முற்பகுதி வீரத்தைப் போற்ற எழுந்ததன்று. வறுமையை நிரூபிக்க எழுந்தது.

1820 யூலையில், மேய்ன் மாநிலத்துப் புறொஸ்பெக்ற் என்னும் ஊரைச் சேர்ந்த ஜோசப் பிளம் மார்ட்டின் என்பவர் நீதிமன்றத்திற் கொடுத்த சத்தியக் கடதாசியை இங்கு எடுத்துக்கொள்வோம். அப்பொழுது அவருக்கு வயது 59. தமக்கு நிலமுமில்லை, வருமானமுமில்லை, உடுதுணியும் படுக்கையும் நீங்கலாக இரண்டு பசுக்கள், ஆறு செம்மறிகள், ஒரு பன்றி என்பனவே உடைமை, தாம் ஒரு கூலியாள், எனினும் முதுமையாலும் உடற்தளர்ச்சியாலும் வேலைசெய்ய இயலாதவர், மனைவி வாதநோயாளி, பிள்ளைகள் ஐவர். இதுவே அதன் சாரம். எமது கவனத்தை முதலில் ஈர்ப்பது 'கூலியாள்' என்ற சொல்லே. ஏனெனில், 1784ஆம் ஆண்டளவில் மேய்னின் எல்லைப்புறத்திற் காடு வெட்டிக் குடியேறியபோது அவர் ஒரு கமக்காரர். முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு சொல்லின் இடத்தை இன்னொரு சொல் எவ்வாறு பிடித்தது என்பதே இக்குடும்ப வரலாற்றின் மையம் என நாம் கருதுகின்றோம்.

மார்ட்டின் 1760 நவம்பர் 21ஆம் திகதி மசாசூசெற்ஸ் குடியேற்றத்தின் பெக்கெற் என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தை எபனேசர் மார்ட்டின் யேல் கல்லூரியிற் கற்ற போதகர். தாய் சூசன்னா, பிளம் குடும்பத்தவர். மகனுடைய பெயரின் நடுவே நிற்பது அக்குடும்பப் பெயரே. ஏழாவது வயதிற் சிறுவன் கனற்றிக்கற்றின் மில்போட் நகரை அண்டி வாழ்ந்த தாய்வழிப் பாட்டனிடம் அனுப்பப்பட்டான். பாட்டனின் கமத்திலேயே வளர்ந்தான். 1776 யூன் மாதத்திற் பதினைந்து வயதில் ஆறு மாதங்களுக்குப் படையிற் சேர்ந்தவர், அடுத்த ஆண்டு போர் முடியும்வரைக்கும் எனக் கையொப்பமிட்டார். புறூக்கிளின், மிவ்லின் கோட்டை, மொன்மத், யோக்ரவுண் என அப்போரின் பெயர்பெற்ற களங்கள் பலவற்றில் அவர் நின்றார். இறுதியில் அகழ்படைப் பிரிவிலே சார்ஜன்ற் பதவி வகித்தார். களவிவரங்களை விரித்துரைப்பது எமது நோக்கமன்று; போர் முடிந்தபின் யார் எதைப் பெற்றனர் என்பதே நமது வினா.

போர் முடியும்வரை பணியாற்றும் படைவீரனுக்கு 100 ஏக்கர் காணி வழங்கப்படும் என 1776இற் கொங்கிரஸ் வாக்களித்திருந்தது. 1783இல் வீரர் வீடு திரும்பியபோது கையிற் கிடைத்தவை வெறும் பற்றுச்சீட்டுகளே. மார்ட்டின் அவற்றுட் சிலவற்றை விற்று உடுக்கத் தகுந்த துணி வாங்கிக்கொண்டார். காணிக்குரிய உரிமைச்சீட்டுகளும் பெருமளவில் ஊகவணிகரின் கைக்கே போய்ச் சேர்ந்தன. அதே ஆண்டில், வாழ்நாள் அரைச் சம்பளத்துக்கு ஈடாக ஐந்தாண்டு முழுச் சம்பளம் அதிகாரிகளுக்கு ஒதுக்கப்பட்டது. அவர்கள் 'சின்சினாற்றி சங்கம்' என்றொன்றையும் அமைத்தனர். அதன் அங்கத்துவம் தந்தையிடமிருந்து மூத்த மகனுக்குச் செல்லும் உரிமை. முடியாட்சியை ஒழித்த கை உலருமுன்னே பரம்பரைச் சங்கமொன்று முளைத்ததைக் கண்டு அன்றே பலர் வெகுண்டனர். அச்சங்கத்தின் யாப்பை வரைந்தவர் பீரங்கிப் படைத் தளபதி ஹென்றி நொக்ஸ். அவருடைய பெயர் மார்ட்டினின் வாழ்விற் பின்னரும் குறுக்கிடுகின்றது.

நொக்ஸ் பொஸ்ரன் நகரிற் புத்தகக்கடை நடத்தியவர்; செல்வக் குடியினர் அல்லர். அவர் மணந்த லூசி புளக்கர், மசாசூசெற்ஸ் அரச செயலாளரின் மகள். பெருநிலக்கிழார் சாமுவேல் வால்டோவின் பேத்தி. புரட்சியை எதிர்த்த புளக்கர் குடும்பம் ஆங்கிலேயரோடு வெளியேற, லூசி கணவனோடு நின்றார். போரின் பின்னர், மனைவியின் மரபுரிமையைப் பற்றுக்கோடாகக் கொண்டும் ஏனைய பங்குகளைச் சேர்த்தும், வால்டோ பட்டயத்தின்பாற்பட்ட ஏறத்தாழ 6,00,000 ஏக்கருக்கு நொக்ஸ் உரிமை கோரினார். அப்பட்டயத்தின் மூலம் 1630இல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு தாள். மார்ட்டின் வெட்டித் திருத்திய 100 ஏக்கர் கமம் அத்தாளின் எல்லைக்குள்ளே கிடந்தது. அவர் 1794இல் மணந்த பெண்ணின் பெயரும் லூசிதான்: லூசி குளூலி. ஒரு லூசியின் குடிவழி ஒரு மாவட்டத்தையே கணவனுக்குக் கொணர்ந்தது. மற்றைய லூசியின் குடிவழிக்கு நீதிமன்றத்தில் விலையேதும் இருக்கவில்லை. குடிவழி என்பது இரத்தத்தின் செய்தி மட்டுமன்று, உடைமையின் செய்தியுமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1797இல் நொக்சின் உரிமை சட்டப்படி உறுதியாயிற்று. மார்ட்டினின் கமம் 170 டொலர் என மதிக்கப்பட்டது. அதனை ஆறு ஆண்டுகளிற் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. தாம் திருத்திய நிலத்துக்குத் தாமே விலை கொடுக்கும் நிலை. கமத்தைத் தம்மிடம் விட்டுவைக்குமாறு பழைய படைவீரர் பழைய தளபதியை வேண்டிக் கடிதம் எழுதினார். 1811 அளவிற் கமம் பாதியாயிற்று. 1818இல் எதுவும் எஞ்சவில்லை.

அயலிலிருந்த குடியேற்றவாசிகள் எல்லோரும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. முகமூடியணிந்து, 'வெள்ளை இந்தியர்' எனத் தம்மை அழைத்து, நில அளவையாளரைத் துரத்திய இயக்கமொன்று இப்பிரதேசங்களிற் பல ஆண்டுகள் நிலவியது. போராடியவனும் உழைத்தவனுமே நிலத்துக்கு உரியவன் என்பது அவர்களது வாதம். இவ்வியக்கத்தை அலன் ரெய்லர் 1990இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆயினும் அவ்வாதத்தின் உள்ளே கிடந்த ஒரு மறதியை நாம் மறைத்தல் ஆகாது. அந்நிலம் பெனொப்ஸ்கொற் முதலான வபனாக்கி மக்களுடையது. நொக்சின் பட்டயமும் மார்ட்டினின் கோடரியும் அவர்களைப் பொறுத்தவரையில் ஒரே வரலாற்றின் இரு கட்டங்களே. உரிமை பறிக்கப்பட்ட மக்களின் வேடத்தை அணிந்தே அவர்களுடைய நிலத்துக்கு உரிமை கோரினர் என்பது வேடிக்கையன்று. நொக்ஸ் 1806இற் கடனாளியாகவே இறந்தார்.

மீண்டும் ஆவணத்துக்கு வருவோம். 1818ஆம் ஆண்டுச் சட்டம், ஒன்பது மாதங்களேனும் நிரந்தரப் படையிற் பணிபுரிந்து, இப்போது உதவி தேவைப்படும் நிலையிலுள்ள வீரனுக்கு மாதம் 8 டொலரும் அதிகாரிக்கு 20 டொலரும் வழங்கிற்று. மார்ட்டினுக்கு ஆண்டுக்கு 96 டொலர் கிடைத்தது. எதிர்பார்த்ததிலும் மிகப் பலர் விண்ணப்பித்ததும் அரசு ஐயுற்றது. 1820 மே மாதச் சட்டம், ஓய்வூதியம் பெறுவோர் தம் உடைமைகள் அனைத்தையும் சத்தியத்தின் பேரிற் பட்டியலிடவேண்டும் என விதித்தது. போதிய அளவு வறியவரல்லர் எனக் கண்டு பலரின் பெயர்கள் நீக்கப்பட்டன. பசு எத்தனை, பன்றி எத்தனை, வீட்டில் யார் யார், அவர்களுள் யார் உழைக்கவல்லவர் என்றெல்லாம் எழுதப்பட்டது இதனாலேயே. விதவையருக்கு வழிசெய்த 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், மணத்தை நிரூபிப்பதற்காகக் குடும்ப வேதாகமத்தின் பிறப்பு மணப் பதிவேட்டுத் தாள்களையே கிழித்தனுப்பிய பெண்களும் உளர். வீட்டில் இருந்திருக்கவேண்டிய குடிவழி இவ்வாறு தலைநகரின் கோப்புக்குட் சென்று சேர்ந்தது. போர் அமைச்சின் ஏடுகள் 1800ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தபடியால், படைவீரனின் சொந்த வாய்மொழிக்கு இக்கோப்புகளிற் கிடைத்த இடம் பெரிது. ஆய்வாளர் இன்று நன்றியோடு புரட்டும் இத்தாள்கள் ஒவ்வொன்றும் ஒரு முதியவரோ விதவையோ தம் இல்லாமையைப் பிறர் முன் எண்ணிக்காட்டிய அவமானத்தின் எச்சம்.

மார்ட்டின் 1830இல், ஹலோவெல் நகரிலே, தம் பெயரைக் குறிப்பிடாமற் போர் நினைவுகளை நூலாக வெளியிட்டார். அன்று அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1962இல் மறுபதிப்பாக வந்த பின்னரே வரலாற்றாசிரியர் அதனைப் பரவலாக எடுத்தாளத் தொடங்கினர். சாதாரண வீரனின் பசியையும் வெறுங்காலையும் உட்புறமிருந்து கூறும் நூல் என்பதால் அது இன்று எங்கும் மேற்கோளாகின்றது; ஆனால் மேற்கோள் காட்டுவோருட் பலர் 1783உடன் நின்றுவிடுகின்றனர். நூலின் எள்ளல் முழுவதையும் 1797 கற்றுக்கொடுத்தது என்பது எமது எண்ணம். வாக்குறுதியை மீறிய அரசின் மேல் அவர் கொள்ளும் சினம், காணி இழந்தவனின் சினமாகவும் படிக்கத்தக்கது.

புறொஸ்பெக்ற் ஊரின் எழுதுவினைஞராகப் பல்லாண்டு பணியாற்றிய அவர், அயலாரின் அலுவல்களைப் பதிவேட்டில் எழுதிவந்தவர். 1790 முதல் 1840 வரை நடந்த குடிசன மதிப்புகள் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதின. மனைவியும் மக்களும் தொகைகளாகவே நின்றனர். சுதந்திரமுடைய ஒவ்வோராளின் பெயரையும் எழுதிய முதற் குடிசன மதிப்பு 1850 யூன் முதலாந் திகதியை அடிப்படை நாளாகக் கொண்டது. அவ்வாண்டிலும் அடிமைகள் தம் எசமானரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்றே எழுதப்பட்டனர். மார்ட்டின் 1850 மே 2ஆம் திகதி இறந்தார்.