எஸ், செஃப்!

நம்ம ஊர் ஹோட்டல் சமையலறையிலும் கேட்கும் இந்தக் குரலில் ஒரு பட்டாளம் ஒளிந்திருக்கிறது. 'செஃப்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தலைவர் என்றுதான் பொருள். சமையலறைத் தலைவர் என்ற நீண்ட பட்டத்தின் சுருக்கம் அது.

ஓகுஸ்த் எஸ்கோஃபியே 1870 பிரஷ்யப் போரில் பிரெஞ்சுப் படைக்குச் சமைத்தவர். 1890இல் லண்டன் சவாய் ஹோட்டலுக்கு வந்து, சமையலறையைப் படைபோலவே பிரித்தார். பெயரே 'பிரிகேட்'தான். சாஸுக்கு ஒருத்தர், வறுவலுக்கு ஒருத்தர். தலைவருக்கு அடுத்து 'சூ செஃப்'. 'சூ' என்றால் கீழே. வெட்டியதையும் அளந்ததையும் கைக்கெட்டும் இடத்தில் தயாராக வைப்பது 'மீஸ் ஆன் ப்ளாஸ்'. ஆர்டரைக் கத்திச் சொல்பவரைப் பிரெஞ்சில் 'குரைப்பவர்' என்பார்கள். எஸ்கோஃபியே அவரை 'அறிவிப்பாளர்' ஆக்கினார்.

அந்த மரியாதை அடிமட்டம்வரை இறங்கலை. பாத்திரம் கழுவுபவர் 'ப்ளோன்ஜர்', அதாவது முங்குகிறவர். ஜார்ஜ் ஆர்வெல் பாரிஸில் அந்த வேலை பார்த்து, 1933இல் வந்த தன் புத்தகத்தில் அதை எழுதினார். மேல்படிப் பட்டங்களை ஆங்கிலம் பிரெஞ்சிலேயே வைத்துக்கொண்டது. கடைசிப் படியில் நிற்பவருக்குப் பல இடங்களில் 'டிஷ்வாஷர்' என்றே பெயர். ஆளுக்கும் மெஷினுக்கும் ஒரே சொல்.