டாங்கியில் நான்காமவர்

போர்க்கருவிகளின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் எஃகின் தடிப்பையும் பீரங்கியின் நீளத்தையும் எந்திரத்தின் ஆற்றலையுமே பேசுவர். அக்கருவிக்குள் அமர்ந்திருப்போர் எத்தனை பேர், அவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்கின்றனர் என்னும் கேள்வி அரிதாகவே எழுகின்றது. ஆயினும் டாங்கி எனப்படும் கவச ஊர்தியின் வரலாற்றில் எழுபது ஆண்டுகளாக ஓயாமல் நடந்துவரும் வழக்கொன்று எஃகைப் பற்றியதன்று. ஒரு மனிதரைப் பற்றியது. ஓட்டுநர், குறிபார்த்துச் சுடுநர், தலைவர் ஆகிய மூவரோடு, பீரங்கிக்குக் குண்டேற்ற நான்காமவர் ஒருவர் வேண்டுமா? அன்றி, அவர் இடத்தில் பொறியொன்றை அமர்த்திவிடலாமா?

இதனை மனிதருக்கும் பொறிக்கும் இடையே நிகழும் போட்டியாகவே பலரும் எழுதியுள்ளனர். இருவருள் யார் விரைவாக ஏற்றுவார் என்று நொடிகளை எண்ணுகின்றனர். நொடிக்கணக்கைப் புறந்தள்ளுவதற்கில்லை. ஆனால் இவ்வழக்கை அதன் தொடக்கத்திலிருந்து நோக்குவோமாயின், அதன் உயிர்நிலை வேறிடத்தில் இருப்பது புலப்படும். குண்டுகள் எங்கே அடுக்கப்பட்டுள்ளன, அவற்றுக்கும் மனிதருக்கும் இடையே இருப்பது என்ன என்பதே அது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஆயிரக்கணக்கில் வார்த்தனுப்பிய ஷெர்மன் டாங்கியில் ஐவர் இருந்தனர். பீரங்கிக்கு இடப்புறம் குண்டேற்றுநர் நின்றார். ஏறத்தாழ 9 கிலோ எடையுள்ள 75 மி.மீ. குண்டைத் தூக்கிப் பீரங்கியின் பின்வாயில் தள்ளுவது அவர் வேலை. பழகிய கைக்கு அது அரிய செயலன்று. இன்னல் வேறிடத்திலிருந்து வந்தது. தொடக்ககால ஷெர்மன்களில் குண்டுகள் சங்கிலித்தடத்திற்கு மேலே, ஊர்தியின் பக்கச்சுவரை ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. எதிரியின் குண்டு துளைத்தவுடன் அவை தீப்பற்றின. பெட்ரோலே தீக்குக் காரணம் என்று வீரர்கள் நம்பினர். உண்மையில் எரிந்தது பெரும்பாலும் வெடிமருந்துதான். 1944 முதல் குண்டுகளை ஊர்தியின் அடித்தளத்திற்கு இறக்கி, அவற்றைச் சுற்றி நீர்மம் நிரம்பிய உறைகளை அமைத்தனர். துளைக்கப்பட்ட பழைய ஷெர்மன்களில் நூற்றுக்கு 60 முதல் 80 வரை எரிந்தன என்றும், புதிய அமைப்பு உடையவற்றில் 10 முதல் 15 வரையே எரிந்தன என்றும் அமெரிக்கப் படையின் ஆய்வு கண்டது. கவசத்தைத் தடிப்பாக்கியதனால் விளைந்த பயனன்று இது. குண்டுகளை இடம் மாற்றியதனால் எத்தனையோ இளைஞர் பிழைத்தனர். பின்னாளில் செய்த சீஃப்டன் டாங்கியிலும் ஆங்கிலேயர் உந்துமருந்துப் பைகளை நீர் சூழ்ந்த பெட்டிகளில் தாழ வைத்தனர்.

போர் முடிந்தபின் பிரெஞ்சுக்காரர் வேறொரு வழியில் சென்றனர். வானூர்தியில் ஏற்றிச் செல்லத்தக்க சிறிய டாங்கி ஒன்றை அவர்கள் விரும்பினர். 1946இல் வரைவு தொடங்கி, 1952 முதல் தொழிற்சாலையில் உருவான அந்த ஊர்திக்கு ஏ.எம்.எக்ஸ்-13 என்று பெயர். அவ்வளவு சிறிய சுழல்கோபுரத்தில் நான்காமவருக்கு இடமேது? ஆகவே பீரங்கிக்குப் பின்னே இரண்டு உருளைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஆறு குண்டுகளை அடைத்தனர். சுட்டதும் பீரங்கி பின்னுதைக்கும். அடுத்த குண்டு உருளையிலிருந்து தானே இறங்கிப் பின்வாய்க்கு நேரே வந்து நிற்கும். பீரங்கியும் உருளைகளும் கோபுரத்தின் மேற்பகுதியோடு ஒன்றாகவே ஏறி இறங்கியமையால், அவற்றின் ஒழுங்கு எந்நிலையிலும் கலைவதில்லை. எளிமையும் நுட்பமும் கூடிய அமைப்பு அது எனலாம். ஆயினும் பன்னிரண்டு குண்டுகளும் தீர்ந்தபின் உருளைகளை வெளியிலிருந்தே நிரப்ப வேண்டியிருந்தது. அடர்ந்த சண்டையின் நடுவே கவசத்திற்கு வெளியே நின்று குண்டு நிரப்ப எவரால் இயலும்? டாங்கி பின்வாங்கித்தான் ஆகவேண்டும்.

இவ்வூர்தி நமக்கு அயலானதன்று. 1965 செப்டம்பர் முதல் நாள் சாம்ப் பகுதியில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை எதிர்த்து நின்ற இந்தியாவின் 20ஆம் லான்சர் படையணியிடம் இருந்தவை இவையே. 1967 போருக்குப் பிறகு இஸ்ரேல் தன்னிடமிருந்தவற்றை விற்க முற்பட்டது. அவற்றை வாங்கிய சிங்கப்பூர் 1969ஆம் ஆண்டுத் தேசிய தின அணிவகுப்பில் நகர வீதிகளில் ஓட்டிக் காட்டிற்று. இவ்வட்டாரத்தில் அவை அன்று ஏற்படுத்திய வியப்பை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அன்று வீதியில் சென்ற ஒவ்வொரு டாங்கியிலும் மூவரே இருந்தனர்.

பொறிவழிக் குண்டேற்றத்தைப் பெரும்படைக்கே பொதுவிதியாக்கியவர் சோவியத்து நாட்டினர். டி-34 டாங்கியின் தலைமை வரைவாளர் கோஷ்கின் 1940இல் மறைந்தபின் அப்பணியை ஏற்றவர் அலெக்சாந்தர் மொரோசோவ். அவருடைய கார்க்கிவ் குழுவினர் 1960களில் டி-64 டாங்கியைப் படைத்தனர். அவர்கள் போட்ட கணக்கு எளியது. குண்டேற்றுநர் ஏறத்தாழ நிமிர்ந்து நின்று வேலை செய்யவேண்டும். அவரை நீக்கினால் கோபுரம் தாழும், உள்ளிடம் சுருங்கும், சுருங்கிய இடத்தைக் காக்கக் குறைந்த எஃகே போதும், மிஞ்சிய எஃகை முன்புறக் கவசத்தில் சேர்க்கலாம். 1973இல் படையில் சேர்ந்த டி-72 இக்கணக்கின் விளைவு. 125 மி.மீ. பீரங்கியைத் தாங்கியும் அதன் எடை ஏறத்தாழ 41 டன், உயரம் 2.2 மீட்டர் அளவே. அக்காலத்து அமெரிக்க எம்-60 டாங்கி 48 டன் எடையும் 3 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் உடையது. நான்குக்கு மூவர் என்றால் படையாட்களில் காற்பங்கு மிச்சம் என்பதும் சோவியத்து ஆட்சியாளரின் கண்ணுக்குத் தப்பியிராது.

டி-72இன் பொறி வேலை செய்யும் முறையைச் சற்று விரித்துரைத்தல் தகும். சுடுநரும் தலைவரும் அமர்ந்திருக்கும் இருக்கைகளின் அடியில், ஊர்தியின் தரையோடு தரையாக, வட்டமான சுழல்தட்டு ஒன்று உள்ளது. அதில் 22 பெட்டிகள்; ஒவ்வொரு பெட்டியிலும் கீழே குண்டு, மேலே உந்துமருந்து. சுடுநர் விசையைத் திருப்பி, வேண்டிய வகையைத் தெரிவு செய்கின்றார். தட்டு சுழன்று உரிய பெட்டியைப் பீரங்கியின் பின்னே கொணர்கின்றது. பீரங்கி குறித்த ஒரு கோணத்திற்கு உயர்ந்து அசையாது நிற்கின்றது. தூக்கி மேலே எழ, தள்ளுகோல் முதலில் குண்டையும் அடுத்து உந்துமருந்தையும் உள்ளே செலுத்துகின்றது. பீரங்கி மீண்டும் குறிக்குத் திரும்புகின்றது. இவையனைத்தும் ஏறக்குறைய 8 நொடிகளில் முடியும். பொறி களைப்பதில்லை, மேட்டிலும் பள்ளத்திலும் ஊர்தி குலுங்கினும் அதன் கை தடுமாறுவதில்லை. பழுதுற்றால் கையால் சுழற்றி இயக்கவும் வழியுண்டு. ஆனால் அது மெல்ல நடக்கும் வேலை.

இத்துணைச் சிறப்பும் உண்மையே. இதே தட்டின் மீதுதான் இருவர் அமர்ந்திருக்கின்றனர் என்பதும் உண்மையே. உந்துமருந்தின் உறையோ சுடும்போது தானும் எரிந்து மறைவதற்கென்றே செய்யப்பட்டது. அஃதன்றியும், தொடக்ககால டி-72 ஏற்றிச் சென்ற 39 குண்டுகளில் 22 போக எஞ்சியவை எங்கே இருந்தன? வீரர்களின் முதுகுப்புறத்திலும் பக்கத்திலும், கிடைத்த இடுக்குகளில் எல்லாம் செருகப்பட்டிருந்தன.

மேற்கு நாட்டினரும் பொறியை வெறுத்தவரல்லர். அமெரிக்காவும் மேற்கு ஜெர்மனியும் 1963இல் கூட்டாகத் தொடங்கிய எம்.பி.டி-70 டாங்கியில் குண்டேற்றும் பொறியே இருந்தது. செலவு எல்லை கடந்தது. நுட்பச் சிக்கல்கள் பெருகின. 1970இல் ஜெர்மனி விலகியது. அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் திட்டத்தைக் கைவிட்டது. அச்சிதைவிலிருந்து பிறந்த பிள்ளைகள் இரண்டு: ஜெர்மனியின் லெப்பர்ட் 2, அமெரிக்காவின் எம்-1. இரண்டிலும் நான்காமவர் திரும்பி வந்தார். இதனைப் பிற்போக்கு என்று அன்று சிலர் நகைத்திருக்கலாம். ஆனால் எம்-1 டாங்கியில் அவரோடு வேறொன்றும் வந்தது. குண்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கோபுரத்தின் பின்புறத்துத் தனி அறையில் அடைத்தனர். அவ்வறைக்கும் வீரர்களுக்கும் இடையே எஃகுக் கதவு. அறையின் கூரையிலோ, உள்ளே வெடித்தால் மேல்நோக்கிப் பிய்ந்து பறக்குமாறு அமைந்த தகடுகள். குண்டேற்றுநர் முழங்காலால் ஒரு விசையை அழுத்துவார், கதவு திறக்கும், இருபது கிலோவுக்கு மேற்பட்ட 120 மி.மீ. குண்டை உருவித் திருப்பிப் பீரங்கிக்குள் செலுத்துவார், கதவு மூடிக்கொள்ளும். தேர்ந்தவர் இதனை ஐந்தாறு நொடிகளில் முடித்துவிடுவார். அறை தீப்பற்றினாலும் தழல் வானை நோக்கிச் செல்லும். உள்ளிருப்போர் உயிர் தப்ப வாய்ப்புண்டு.

அவருடைய பணி குண்டோடு முடிவதுமில்லை. தம் தலைக்கு மேலுள்ள திறப்பில் எழுந்து நின்று அவர் இடப்புறத்தைக் கவனிக்கின்றார்; வானொலியைப் பேணுகின்றார். சங்கிலித்தடம் அறுந்தால் மற்றவரோடு சேர்ந்து சுத்தியல் பிடிக்கின்றார். இரவில் நால்வர் முறைவைத்துக் காவல் நிற்பதற்கும் மூவர் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை, நம் மாணவருள் தேசிய சேவை ஆற்றியவரைக் கேட்டால் சொல்வர். பொறி காவல் நிற்பதில்லை.

இவ்விரு நெறிகளும் களத்தில் சோதிக்கப்பட்டன. 1991 பிப்ரவரியில் ஈராக்கியரின் டி-72கள் அமெரிக்க எம்-1களை எதிர்கொண்டு சிதைந்தன. அங்குக் குறிபார்க்கும் கருவிகளின் வேறுபாடும் பயிற்சியின் வேறுபாடும் மலையளவு இருந்தமையால், அதனைக் குண்டேற்றும் முறையின் தோல்வி என்று கூறுதல் நேர்மையாகாது. 1994ஆம் ஆண்டின் இறுதிநாளில் குரோஸ்னி நகருக்குள் நுழைந்த ரஷ்யப் படையின் கதை இன்னும் துயரமானது. மாடிகளிலிருந்தும் நிலவறைகளிலிருந்தும் ஏவப்பட்ட சிறு ஏவுகுண்டுகள் டி-72, டி-80 டாங்கிகளின் பக்கச்சுவர்களைத் துளைத்தன. உள்ளிருந்த குண்டுகள் ஒருங்கே வெடிக்க, பல டன் எடையுள்ள கோபுரங்கள் கழன்று விழுந்தன. 2022 முதல் உக்ரேன் போர்க்களத்தில் எடுக்கப்பட்ட எண்ணற்ற படங்களில் அதே காட்சியைக் காண்கின்றோம். ஒவ்வொரு படத்திலும் மூன்று குடும்பங்களின் இழவு அடங்கியுள்ளது.

இப்படங்களைக் கண்டோர் பொறியையே பழித்தனர். அது முழுமையான தீர்ப்பன்று. தரையோடு கிடக்கும் சுழல்தட்டு எதிரியின் குண்டுக்கு எளிதில் எட்டுவதில்லை. அதற்கு மேலே, வீரர்களைச் சுற்றிச் செருகிய குண்டுகளே எளிதில் தீப்பற்றுவன. அத்தீ தட்டுக்குப் பரவும்போதுதான் பேரழிவு நேர்கின்றது. ரஷ்யர் இதனை அறியாதவரல்லர். டி-90எம் டாங்கியில் மிகுதிக் குண்டுகளில் ஒரு பகுதியைக் கோபுரத்திற்கு வெளியே பின்புறப் பெட்டிக்கு மாற்றினர். மறுபுறம் லெப்பர்ட் 2ஐ எடுத்துக்கொள்வோம். அதில் மனிதரே குண்டேற்றுகின்றார். ஆனால் 42 குண்டுகளில் 15 மட்டுமே கோபுரத்தின் காப்பறையில் உள்ளன. எஞ்சிய 27உம் ஓட்டுநரின் பக்கத்தில் இருக்கின்றன. 2016-17இல் சிரியாவின் அல்-பாப் நகரருகே துருக்கியின் லெப்பர்ட்டுகள் சிதைந்து கிடந்தபோது உலகின் கவனம் அந்த 27 குண்டுகளின் மேல் திரும்பிற்று. அதே வேளையில், 1990களில் வந்த பிரெஞ்சு லெக்லேர் டாங்கியில் பொறியே குண்டேற்றுகின்றது. அப்பொறிக்குரிய 22 குண்டுகள் கோபுரத்தின் பின்னறையில், சுவருக்கு அப்பால், பிய்ந்து பறக்கும் தகடுகளின் கீழ் உள்ளன. மனிதர் ஏற்றினால் காப்பு, பொறி ஏற்றினால் அழிவு என்னும் கூற்று இவ்விரண்டின் முன் நிற்பதில்லை.

சென்னையை அடுத்த ஆவடியில் 1961இல் நிறுவிய கனரக ஊர்தித் தொழிற்சாலை இவ்வழக்கில் இருபக்கமும் நின்றிருக்கின்றது. அங்கு உருவான விஜயந்தாவில் நால்வர், பின்னர் வந்த டி-72இல் மூவர், இந்தியரே வரைந்த அர்ஜுனில் மீண்டும் நால்வர், டி-90இல் மூவர். ஜொகூர் கடற்பாலத்தின் இருகரையிலும் இதே நிலைதான். மலேசியா போலந்திடம் பெற்ற 48 பெண்டேக்கார் டாங்கிகள் டி-72இன் வழித்தோன்றல்கள், 125 மி.மீ. பீரங்கி, சுழல்தட்டு, மூவர். ஏ.எம்.எக்ஸ்-13இன் மூவரோடு தொடங்கிய சிங்கப்பூரோ ஜெர்மனியின் லெப்பர்ட் 2ஐ வாங்கி நால்வருக்கு மாறிற்று.

இனி வரும் பீரங்கிகள் இன்னும் பெரியவை. 2022இல் ஜெர்மன் நிறுவனமான ரைன்மெட்டால் காட்டிய பாந்தர் டாங்கியின் பீரங்கி 130 மி.மீ. அளவினது, அத்துணை நீண்ட, கனத்த குண்டைக் குலுங்கும் ஊர்திக்குள் ஒருவர் கையால் தூக்கி ஏற்றுவது அரிதாகையால், அதனைப் பொறியிடமே விட்டனர். 2015 மே மாதம் மாஸ்கோ அணிவகுப்பில் ரஷ்யர் காட்டிய டி-14இல் கோபுரத்துக்குள் எவருமே இல்லை. மூவரும் ஊர்தியின் முன்புறத்தில், தனிக் கவச அறையில் அருகருகே அமர்கின்றனர்; குண்டுகள் சுவருக்கு அப்பால் உள்ளன. நான்காமவர் வெளியேறிய கோபுரத்திலிருந்து சுடுநரும் தலைவரும் வெளியேறிவிட்டனர். சண்டையின் நடுவில் பொறி சிக்கிக்கொண்டால், கைநீட்டி அதனை விடுவிக்க அங்கே ஒருவரும் இல்லை.