செஞ்சியின் நாலாவது மலை

செஞ்சிக் கோட்டைன்னா நம்ம சனங்களுக்கு ராசா தேசிங்குதான். 2025 சூலையில் யுனெஸ்கோ இதை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது மராட்டியர் பெயரில். அந்தப் பட்டியலிலுள்ள பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டுக்குரியது இது ஒன்றுதான். சிவாஜி பிடித்தது 1677இல். முகலாயர் கைக்குப் போனது 1698இல். இருபத்தோரு வருசம் வைத்திருந்தவர்கள் பெயர் மொத்தக் கோட்டைக்கும் வந்துவிட்டது.

கல்லைப் பார்த்தால் கதை வேறு. இராசகிரி உச்சியில் அரங்கநாதர் கோயில். கீழ்க்கோட்டையில் நாயக்கர் காலத்து வெங்கடரமணர் கோயில். அதே கீழ்க்கோட்டையில் சாதத்துல்லா கான் பள்ளிவாசல், 1717-18இல் கட்டியது. கல்யாண மகாலோ இந்த ரெண்டு மரபும் கலந்த கட்டடம்: மேலே கோபுரம் போலக் கூம்பு, கீழே அடுக்கடுக்காய் வளைவுகள். அந்த வளைவு சுல்தான்களின் கட்டடக் கலையிலிருந்து வந்தது. நெற்களஞ்சியத்தின் கூரையும் வளைகூரைதான். இந்து அரசனுக்கு வேலை செய்த கொத்தனுக்கு, இது துலுக்கர் பாணின்னு ஒதுக்கத் தோணலை.

1714இல் தேசிங்கு ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு மோதிச் செத்தான். சண்டை கப்பப் பாக்கிக்காக, மதத்துக்காக இல்லை. கதைப்பாடலில் அவனுக்காக உயிரைக் கொடுக்கும் நண்பன் ஒரு முஸ்லிம். வெங்கடரமணர் கோயில் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். கடற்கரைக் காந்தி சிலையைச் சுற்றி இன்றும் அவை நிற்கின்றன. கோயிலை இடித்தவன் எவன் என்று மேடை போட்டுக் கத்துகிறவர்கள் இந்தத் தூண்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

எதிர்ப்பக்கத்தில் நம் முற்போக்கு நண்பர்கள். கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்துல இருக்கு, நல்லிணக்கம் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நான் கேட்பது வேறு. செஞ்சிக்கு மூணு மலை என்பார்கள்: இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி. நாலாவதாக ஒரு மலை இருக்கிறது. சின்னதுதான், ஆனால் அரண் கட்டிய மலை. அதன் பெயர் சக்கிலி துர்க்கம்.

இந்துஸ்தானியில் இதற்கு சமார் திக்ரி என்றும் பெயர் உண்டு. சமார் என்பது வடக்கே தோல் தொழிலோடு சேர்த்துச் சொல்லப்படும் சாதி. மொழி மாறியும் பொருள் மாறவில்லை பாருங்கள். ஒரு பெயர் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்காது. குதிரைக்குச் சேணம், கடிவாளம், வாளுக்கு உறை, சிப்பாய்க்குச் செருப்பு, தண்ணிக்குத் தோல்பை, முரசுக்குத் தோல். இது ஒண்ணும் இல்லாமல் எந்த ராசா சண்டைக்குப் போனான்? தேசிங்கின் குதிரையைப் பாடுகிற ஊர், அந்தக் குதிரைக்குச் சேணம் தைத்த கையைப் பாடவில்லை.

இந்து மரபு, முஸ்லிம் மரபு என்று ரெண்டு பத்தியாகக் கணக்கெழுதினால் நம்மாளுங்க எந்தப் பத்தியிலும் வரமாட்டார்கள். கட்டினவன் பெயர் வேணாம், கட்டச் சொன்னவன் பெயர் போதும் என்கிற கணக்கு அது.

சக்கிலி என்பதை வசைச்சொல்லாக்கியது சாதி. அதே சாதிப்புத்திதான் நாளைக்கு, இந்தப் பெயர் நாகரிகமாக இல்லை, மாற்றுவோம் என்றும் வரும். விடக்கூடாது. அருந்ததியர் மக்களுக்குச் செஞ்சியில் இருக்கும் பட்டயம் அந்த ஒரு பெயர். ராசாக்களுக்கு மூணு மலை இருக்கட்டும். செஞ்சிக்குப் போகிறவர்கள் நாலு என்று எண்ணுங்கள். பிள்ளைகளுக்கும் நாலு என்றே சொல்லிக்கொடுங்கள்.